ரவுட்டரும் ஐபி முகவரியும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும், நெட் மட்டும் வராது. அந்த நேரத்தில் பலரும் முதலில் தேடுவது ஒரு குண்டூசியை, ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் குத்துவதற்கு. தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். ரீசெட் செய்தால் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனம் தன் இணைப்பைப் பிரித்தறிய வைக்கும் எண்) எல்லாம் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு, புகார் கொடுத்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

கோளாறு எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் ஐபி முகவரியே சொல்லிவிடும். 169-இல் தொடங்கினால் ஒரு காரணம், 100-இல் தொடங்கினால் வேறு காரணம், 0.0.0.0 என்றால் இன்னொன்று. எண்ணைப் படித்த பிறகு கை வையுங்கள். கீழே உள்ளவை வீட்டிலும் சிறிய கடையிலும் அலுவலகத்திலும் அடிக்கடி வரும் அறிகுறிகள். உங்களுடையது எதுவோ நேராக அங்கே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸுக்குள் வைஃபைக்குப் போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொடுங்கள். ஐஃபோனில் அதே இடத்தில் வட்டத்துக்குள் ஒரு எழுத்து இருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் போதும். எதில் பார்த்தாலும் நான்கு விவரங்கள் வேண்டும்: கருவியின் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண்ணாக மாற்றும் சர்வர்). ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது மாற்றிவிட்டுப் பழையது என்ன என்று தெரியாமல் விழிப்பதை இது தவிர்க்கும்.

ஐந்தாவதாக ஓர் எண் உண்டு. அது ரவுட்டருக்குள் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும் வேன் ஐபி. ரவுட்டருக்கு இரண்டு முகங்கள். வீட்டுக்குள் பார்க்கும் முகம் லேன், வெளியே இணைய நிறுவனத்தைப் பார்க்கும் முகம் வேன். இரண்டுக்கும் தனித்தனி முகவரி. உங்கள் ஃபோனில் கேட்வே என்று காட்டுவது லேன் முகவரி. வெளி உலகம் பார்ப்பது வேன் பக்கத்தை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

உள்ளே புழங்கும் முகவரிகளுக்கென்று மூன்று தொகுதிகளை 1996-இல் ஒதுக்கி வைத்தார்கள். 10-இல் தொடங்குபவை அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை அனைத்தும். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஃபிளாட் எண்ணைப் போன்றவை இவை. ஊரெல்லாம் எத்தனையோ குடியிருப்புகளில் 101-ஆம் எண் இருக்கும், அதை மட்டும் எழுதி வெளியூரிலிருந்து கடிதம் போட முடியாது. அதனால் உங்கள் வீட்டில் 192.168.1.5 இருப்பதும் பக்கத்து வீட்டில் அதே எண் இருப்பதும் பிரச்சினையே இல்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு இருந்தால்தான் பிரச்சினை.

சப்நெட் மாஸ்க் பெரும்பாலும் 255.255.255.0 என்று இருக்கும். முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கும் கருவிகள் ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று அதற்கு அர்த்தம். 192.168.1.20-உம் 192.168.1.75-உம் நேரடியாகப் பேசிக்கொள்ளும். 192.168.29.20-உடன் நேரடியாகப் பேசாது, நடுவில் ரவுட்டர் வேண்டும். வீட்டு அளவில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

அறிகுறி: முகவரி 169.254-இல் தொடங்குகிறது, அல்லது ஃபோன் முகவரி கேட்டுக்கொண்டே நிற்கிறது

கருவி முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை என்று இதற்குப் பொருள். விண்டோஸ் கணினியும் ஆப்பிளின் மேக் கணினியும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தாமாகவே 169.254 தொகுதியிலிருந்து ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. ஆண்ட்ராய்டு ஃபோன் பொதுவாக இணையாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

முகவரி கொடுப்பது ரவுட்டருக்குள் ஓடும் டிஎச்சிபி சர்வர். புதிதாக வந்த கருவிக்கு யாரைக் கேட்பது என்று தெரியாது. அதனால் நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். டிஎச்சிபி சர்வர் ஒரு எண்ணை எடுத்து நீட்டும், கருவி அதையே எனக்குக் கொடு என்று சொல்லும், சர்வர் உறுதி செய்யும். நான்கு செய்திகளில் முடிகிற வேலை. இதில் எது விட்டுப்போனாலும் 169.254 வரும்.

வீட்டில் ஒரு கருவிக்கு மட்டும் இப்படியா, எல்லாவற்றுக்குமா என்று பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் அந்தக் கருவியின் கேபிளை மாற்றிப் பாருங்கள், வைஃபை நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி இணையுங்கள், ரவுட்டரில் மேக் ஃபில்டர் (கருவியின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்துத் தடுக்கும் வசதி) போட்டு யாராவது தடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் டிஎச்சிபி சர்வரே அணைந்திருக்கலாம்.

அது அணைந்திருந்தால் உங்களுக்கும் முகவரி கிடைக்காதே, உள்ளே எப்படிப் போவது? கையால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரவுட்டர் 192.168.1.1 என்று தெரிந்தால், லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, ஐபி முகவரி 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று கொடுங்கள். பிரவுசரில் ரவுட்டர் பக்கம் திறக்கும். டிஎச்சிபியை ஆன் செய்து சேமித்துவிட்டு, லேப்டாப்பை மறக்காமல் தானியங்கிக்கே மாற்றுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால், அடுத்த வாரம் வேறோர் இடத்தில் அந்த லேப்டாப்புக்கு நெட் வராது.

பழைய கருவிகள் ஓடுகின்றன, புதிதாக வருபவைக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் முகவரித் தொகுப்பு தீர்ந்துவிட்டது. டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டு இருக்கும். 100 முதல் 149 வரை என்று வைத்திருந்தால் ஐம்பது கருவிகளுக்குத்தான் இடம். வீட்டுக்கு அது தாராளம். டியூஷன் சென்டர், விடுதி, கிளினிக் மாதிரி ஆட்கள் வந்து போகும் இடத்தில் போதாது. ஏனென்றால் ஆள் வெளியே போனாலும் அவர் ஃபோனுக்குக் கொடுத்த எண் உடனே திரும்பி வராது, லீஸ் நேரம் முடியும்வரை அவர் பெயரிலேயே கிடக்கும். லீஸ் 24 மணி நேரம் என்று இருந்தால் 2 மணி நேரமாகக் குறையுங்கள், தொகுப்பையும் 200 எண்களுக்கு விரியுங்கள்.

அறிகுறி: ரவுட்டர் பக்கம் திறக்கவில்லை

192.168.1.1 என்று அடித்தால் எல்லா ரவுட்டரும் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. டிலிங்க், டெண்டா ரவுட்டர்கள் பல 192.168.0.1-இல் இருக்கும். ஜியோஃபைபர் ரவுட்டர் 192.168.29.1. ஷாவோமி 192.168.31.1. மைக்ரோடிக் 192.168.88.1. ஹுவாவேயின் ஓஎன்டி எனப்படும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் 192.168.100.1. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கருவியில் கேட்வே என்று காட்டும் எண் எதுவோ அதுதான் ரவுட்டர். அதை அப்படியே அடியுங்கள்.

அதுவும் திறக்கவில்லையா? ஃபோனில் முயன்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தவுடன் ஃபோன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். நீங்கள் அடிக்கும் 192.168.1.1 வைஃபை பக்கம் போகாமல் சிம் பக்கம் போய்த் தொலைந்துவிடும். ரவுட்டரில் ஒன்றும் பழுதில்லை என்றாலும் பக்கம் திறக்காததற்கு ஃபோனில் இதுதான் பெரும்பாலும் காரணம். அப்புறம் விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் வசதி) ஓடினால் நிறுத்துங்கள். பிரவுசர் எண்ணைத் தேடுபொறிக்கு அனுப்பினால், முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு சேர்த்து முழுதாக அடியுங்கள்.

அறிகுறி: சில கருவிகளுக்கு நெட் வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை

இரண்டு கருவிகளின் கேட்வேயை ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.1.1, இன்னொன்றில் 192.168.0.1 என்று இருந்தால் வீட்டில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் ஓடுகின்றன. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து லேன் போர்ட்டில் செருகிய வீடுகளில் இது சகஜம். கருவி கூவும்போது யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுப்பதை அது எடுத்துக்கொள்ளும். அதனால் காலையில் ஓடிய டிவி மாலையில் ஓடாது, அணைத்துப் போட்டால் ஓடும். காரணமே இல்லாததுபோல் தோன்றும்.

தீர்வு, இரண்டாவது ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் வெறும் ஆக்சஸ் பாயின்டாக மாற்றுவது. மெனுவிலேயே ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பழைய ரவுட்டர்களில் அது இருக்காது. அப்போது கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். லேப்டாப்பை அந்த ரவுட்டருடன் மட்டும் கேபிளில் இணையுங்கள். முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். ரவுட்டர் மறுபடி எழுந்ததும் புதிய எண்ணில் உள்ளே போய், இப்போது டிஎச்சிபியை அணையுங்கள். பிறகு முதன்மை ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நடுவழியில் நிற்பீர்கள். 192.168.1.2 முதன்மை ரவுட்டரின் தொகுப்புக்குள் வராமல் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: புது ரவுட்டர் வாங்கி இணைத்தேன், வைஃபை வருகிறது, நெட் இல்லை

இணைய நிறுவனம் வைத்த பெட்டி ஏற்கெனவே ரவுட்டர் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதன் லேன் 192.168.1.1. கடையில் வாங்கிய புது ரவுட்டரின் லேனும் 192.168.1.1. முதல் பெட்டியிலிருந்து வேன் போர்ட்டுக்கு வரும் முகவரி 192.168.1.7 என்று வைத்துக்கொள்வோம். இப்போது புது ரவுட்டருக்கு வெளிப்பக்கமும் 192.168.1, உள்பக்கமும் 192.168.1. எந்தத் தரவுப் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. சில ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே லேனை மாற்றிக்கொள்ளும். சில அப்படியே நின்றுவிடும்.

புது ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்றோ 10.10.10.1 என்றோ மாற்றினால் நெட் வந்துவிடும். ஆனால் இப்போது நேட், அதாவது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை, இரண்டு முறை நடக்கிறது. யூடியூப், வாட்ஸ்அப் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆன்லைன் கேம் ஆடுபவருக்கும், வெளியிலிருந்து கேமரா பார்க்க நினைப்பவருக்கும் தெரியும். முதல் பெட்டியின் வைஃபையில் இருக்கும் பிரிண்டரை இரண்டாவது ரவுட்டரில் இருக்கும் லேப்டாப் தானாகக் கண்டுபிடிக்காது. என் பரிந்துரை, புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுவது. அதன் பெற்றோர் கட்டுப்பாடு, விபிஎன் போன்ற வசதிகளுக்காகவே வாங்கினீர்கள் என்றால், நிறுவனத்தைக் கூப்பிட்டு அவர்கள் பெட்டியை, ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபர் போலப் பிபிபிஓஇ முறையில் ஓடும் இணைப்பு என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதன்பின் உங்கள் ரவுட்டரில் போட வேண்டிவரும்.

அறிகுறி: நெட் கம்பெனியை மாற்றிய பிறகு சிசிடிவியும் பிரிண்டரும் காணாமல் போயின

கடை வைத்திருப்பவர்கள் அதிகம் அலைவது இதற்குத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பழைய ரவுட்டர் 192.168.1.1. சிசிடிவி போட வந்தவர், கேமராக் காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆருக்கு நிலையான முகவரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அல்லது பெட்டியோடு வந்த எண்ணையே விட்டிருப்பார். ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64 என்றும் தாஹுவா கருவிகள் 192.168.1.108 என்றும் வரும். இப்போது புது இணைப்பு வந்தது, புது ரவுட்டரின் லேன் 192.168.29.1. ஃபோன்களும் லேப்டாப்பும் தானியங்கி என்பதால் புது எண்ணுக்கு மாறிக்கொண்டன. டிவிஆர் மட்டும் பழைய 192.168.1 முகவரியோடு தனியாக நிற்கிறது. மானிட்டரில் படம் ஓடும். ஃபோன் ஆப்பில் மட்டும் ஆஃப்லைன் என்று வரும். டிவிஆர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதியது விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. கெட்டது எதுவும் இல்லை.

இரண்டு வழி இருக்கிறது. நிலையான முகவரி போட்ட கருவிகள் நிறைய இருந்தால் ரவுட்டரையே பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். லேன் செட்டிங்ஸில் முகவரியை 192.168.1.1 என்று மாற்றிச் சேமித்தால் இணைப்பு அறுந்து மறுபடி வரும், பிறகு புதிய எண்ணில் திறக்க வேண்டும். டிஎச்சிபி தொகுப்பும் 192.168.1-க்கு மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், சில ரவுட்டர்களில் அதைத் தனியாக மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் மாற்றினால் பத்து கருவிகளும் ஓட ஆரம்பிக்கும். நிறுவனம் கொடுத்த சில பெட்டிகளில் இதை மாற்ற விடமாட்டார்கள். அங்கே இரண்டாவது வழிதான்.

இரண்டாவது வழி டிவிஆரை மாற்றுவது. மானிட்டரும் மவுஸும் இணைத்து மெயின் மெனுவில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போங்கள். டிஎச்சிபி என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சேமித்தால் புது எண் வரும். பலர் இங்கே ஐபி முகவரியை மட்டும் கையால் 192.168.29.108 என்று திருத்திவிட்டு, கேட்வே கட்டத்தில் பழைய 192.168.1.1-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் கடைக்குள் வைஃபையில் இருக்கும்போது கேமரா தெரியும், வீட்டுக்குப் போனதும் தெரியாது. டிஎன்எஸ் கட்டத்தில் பழைய எண் கிடந்தாலும் அதே கதைதான். ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றும் புது நெட்வொர்க்குக்கு ஏற்ப இருந்தாக வேண்டும்.

பிரிண்டருக்கு இன்னொரு படி கூடுதல். பிரிண்டரின் சொந்த மெனுவிலேயே நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அச்சடிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அந்தத் தாளில் ஐபி முகவரி வரும். பிரிண்டருக்குப் புது எண் கிடைத்த பிறகும் விண்டோஸ் ஆஃப்லைன் என்றே காட்டினால், கணினி பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் புது எண்ணில் ஒரு டிசிபி ஐபி போர்ட் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இனி இப்படி அலையாமல் இருக்க, கருவிகளில் நிலையான முகவரி போடும் பழக்கத்தையே விட்டுவிடலாம். கருவி தானியங்கியிலேயே இருக்கட்டும். ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பக்கத்தில், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண்ணைக் கொடு என்று எழுதி வையுங்கள். எல்லா எண்களும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும், ரவுட்டர் மாறினால் ஒரே இடத்தில் மறுபடி எழுதினால் போதும். ஃபோன்களுக்கு ரிசர்வேஷன் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் கற்பனையான ஒன்றைக் காட்டுகின்றன. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் போடாதீர்கள், ரவுட்டரின் பட்டியலில் தெரியும் எண்ணைப் போடுங்கள்.

அறிகுறி: ஒரு கருவி அவ்வப்போது விழுந்து எழுகிறது, ஐபி மோதல் என்று செய்தி வருகிறது

ஒரே எண்ணை இருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பில் போடும் கணினிக்குக் கையால் 192.168.1.105 போட்டிருக்கிறீர்கள், டிஎச்சிபி தொகுப்பு 100-இலிருந்து 199 வரை. என்றாவது ஒரு நாள் ரவுட்டர் அதே 105-ஐ ஒரு வாடிக்கையாளர் ஃபோனுக்குக் கொடுத்துவிடும். அவர் கடையில் இருக்கும்வரை பில் கணினி திணறும், போனதும் சரியாகிவிடும். அதனால்தான் ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக ஓடும்.

சந்தேகப்படும் கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டு, வேறொரு கணினியின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் பிங் கட்டளை (அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது) கொடுங்கள். பதில் வந்தால் வேறொருவர் அந்த எண்ணில் இருக்கிறார். பதில் வராவிட்டால் யாரும் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, பல விண்டோஸ் கணினிகள் பிங்குக்குப் பதில் சொல்லாது. ரவுட்டரின் கருவிப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே எந்த மேக் முகவரி இருக்கிறது என்றும் பாருங்கள். தீர்வு எளிது: 2 முதல் 99 வரை கையால் போடுபவைக்கு, 100 முதல் 199 வரை டிஎச்சிபிக்கு என்று எல்லை பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: முகவரி சரி, கேட்வே சரி, இணையதளம் மட்டும் திறக்கவில்லை

8.8.8.8-க்குப் பிங் கொடுங்கள். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8-ஐயும் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-ஐயும் போட்டுவிட்டுக் கருவியின் வைஃபையை அணைத்துப் போடுங்கள்.

அந்த இடத்தில் ஏற்கெனவே உங்களுக்கு அறிமுகம் இல்லாத எண் இருந்தால், அது நிறுவனத்துடையதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இதே இடத்தில்தான் கை வைத்தது. லட்சக்கணக்கான கணினிகளின் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிட்ட அந்தக் கும்பலை அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் முடக்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஓட்டிவந்த மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9-ஆம் தேதி நிறுத்தினார்கள். கடவுச்சொல் மாற்றாத ரவுட்டர்களுக்குள்ளும் அது புகுந்தது. ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் இன்னும் அட்மின் என்றே இருந்தால் இப்போதே மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன என்றால் அது டிஎன்எஸ் இல்லை, எம்டியூவாக (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) இருக்கலாம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் கொள்ளும். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492-தான் மிஞ்சும். ரவுட்டரில் 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். அப்படியும் தொங்கினால் 1480 போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வேன் ஐபி 0.0.0.0

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து ரவுட்டருக்கு முகவரி வரவில்லை. முதலில் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது அல்லது வீட்டுக்குள் வளைந்து நசுங்கியிருக்கிறது. ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை, புகார் கொடுங்கள்.

விளக்கு சரியாக இருந்தால் ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபாருங்கள். இடைவெளி ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே விடாது. உள்ளூர் கேபிள்காரர் மூலம் வரும் இணைப்புகளில், முதலில் இணைத்த ரவுட்டரின் மேக் முகவரியோடு கணக்கைக் கட்டி வைத்திருப்பதும் உண்டு. ரவுட்டரை மாற்றியவுடன் நெட் நின்றால் இதுவாக இருக்கலாம். பழைய மேக் முகவரியைப் புது ரவுட்டரின் மேக் குளோன் பக்கத்தில் போடுங்கள், அல்லது ஃபோன் செய்து புதியதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: போர்ட் ஃபார்வர்ட் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து வர முடியவில்லை

போர்ட் ஃபார்வர்ட் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது. ரவுட்டரில் தெரியும் வேன் ஐபியையும், என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவதொரு தளத்தில் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, வேன் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். சில நிறுவனங்கள் இதே வேலைக்கு 10-இல் தொடங்கும் முகவரியையும் தருகின்றன. நிறுவனமே ஒரு பெரிய ரவுட்டரை வைத்து, ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதற்கு முன்னால் இன்னொரு கதவு மூடியிருக்கும்.

இது ஏமாற்று வேலை இல்லை, எண் பற்றாக்குறை. பழைய ஐபி முறையில் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள். உலக அளவில் பிரித்துக் கொடுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பகுதியின் ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் மிஞ்சியதை அளந்து கொடுக்க ஆரம்பித்தது. 100.64 தொகுதியை இந்தப் பங்கீட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள்.

செய்யக்கூடியவை மூன்று. நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான வெளி முகவரி வாங்கலாம். வாங்கியபின் மேலே சொன்ன இரண்டு எண்களும் ஒன்றாகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். அல்லது ஐபி 6-ஆம் பதிப்பை ரவுட்டரில் ஆன் செய்யலாம். அதில் எண்ணுக்குப் பஞ்சம் இல்லை, வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த வெளி முகவரி கிடைக்கும். பார்க்கிற ஃபோனின் இணைப்பிலும் அது இருக்க வேண்டும், ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கருவிக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். கேமரா பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மூன்றாவது வழியே போதும்: தயாரிப்பாளரின் ஆப்பில் டிவிஆரின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து சேர்ப்பது. கருவியே உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் சிஜிநேட் தடுக்காது.

வெளி முகவரி கிடைத்தவர்கள் டிவிஆரின் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உட்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. உங்கள் ரவுட்டரில் வயர்கார்ட் அல்லது ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் சர்வர் இருந்தால் அதை மட்டும் திறங்கள். ஃபோன் அதன் வழியாக உள்ளே வந்துவிட்டால் கடையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் 192.168.1.108 என்று அடித்தே டிவிஆரைத் திறக்கலாம். டிவிஆருக்கு ரிசர்வேஷன் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அந்த எண் நாளைக்கும் அங்கேயே இருக்கும். கடை நெட்வொர்க்கும் வீட்டு நெட்வொர்க்கும் இரண்டுமே 192.168.1 என்று இருந்தால், வீட்டிலிருந்து விபிஎன் போட்டாலும் ஃபோன் அந்த எண்ணை வீட்டுக்குள்ளேயே தேடும். வீட்டு ரவுட்டரின் லேனை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள். நிலையான முகவரி போட்ட கருவிகள் வீட்டில் குறைவு என்பதால் அங்கே மாற்றுவதுதான் சுலபம்.